முன்வாசலில் உட்கார்ந்தவள்

"அந்தக் கோர்ட்டு கட்டடம் இடிஞ்சு வுழணும்!"

தொண்ணூற்றொன்றில் ஒரு மாலை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டு அம்மாள் இப்படிக் கத்தினாள். பக்கத்திலிருந்த வேட்டிக்காரர் பதறிவிட்டார்.

"ஏம்மா, வெள்ளக்காரன் கட்டனது. ஒவ்வொரு தூணும் ரெண்டாள் சேந்து கட்டிப் புடிச்சாலும் அடங்காது. இன்னா அழகா கீது!"

"முன்வாசல்ல அந்தத் தூணாண்டதான்யா காலைலேர்ந்து குந்திகினு இருந்தேன். டவாலிக்காரன் மூணு வாட்டி என் பேரக் கூப்ட்டானாம். நான் வரலன்னு கேஸத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. எங்கப்பன் குட்த்த வூட்டு மனை போச்சு!"

"மூணு வாட்டியுமா காதுல வுழல?"

"பின்வாசல்ல நின்னு கூப்ட்டா எப்புடி வுழும்?"

"அட, அந்தக் கோர்ட்ல அது வழக்கம்மா. முன்வாசல் தொரைங்க வர்றதுக்குன்னு கட்டனது. நம்ம ஜனங்கள அப்பலேர்ந்தே பின்னாலதான் கூப்புடுவாங்க."

விஷயம் தெரிந்தவர் என்ற பெருமையோடு அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"தொர கப்பலேறிப் போயி எத்தினி வருசம் ஆச்சு? இன்னும் யாரு வருவான்னுய்யா அந்த முன்வாசலக் காத்துகினு கீறீங்க?"