இறக்கத்தில் பிடிக்கும் வண்டி

பழைய டீசல் ட்ரக் பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதே என்று விற்கிறவனிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் மேற்கொண்டு பேசலாம். வெதுவெதுப்பாக இருந்தால் அவன் எதையோ மறைக்கிறான். கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், விபத்து பற்றிய உங்கள் போலீஸ் அறிக்கையைப் படித்தேன். காரணம் என்ற இடத்தில் இரண்டு வரி இருக்கிறது. ஓட்டியவரின் அனுபவக் குறைவு, அளவுக்கு மீறிய சுமை. இரண்டும் தப்பு. ஓட்டியது என் மகள் ரேலின். பதினோரு வயதில் வைக்கோல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள், கற்றுக்கொடுத்தவன் நான். சுமையும் பதினாலாயிரம் பவுண்டுதான், தானியக் கிடங்கின் எடைமேடையில் நானே நிறுத்துப் பார்த்தேன். அவளைப் புதைத்து மூன்று வாரம் ஆகிறது. அவள் பெயருக்குக் கீழே இப்படி ஒரு பொய் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். அந்த ரிக்கார்டர் ஓடட்டும், எனக்கு ஒன்றுமில்லை.

எங்கள் பக்கத்தில் யார் பழைய ட்ரக் வாங்கினாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். முப்பத்தெட்டு வருஷ டீசல் மெக்கானிக். பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை. வேட்டை சீசனில் கொஞ்சம் எல்க் மான் கறி வந்து சேரும். 'வெர்ன் டால்பெர்க் தலையாட்டினா வாங்கு, மூக்கைச் சொறிஞ்சா ஓடு' என்று காபிக்கடையில் கிண்டல் செய்வார்கள். கிண்டல்தான், ஆனால் நான் மூக்கைச் சொறிந்த வண்டியை இந்த வட்டாரத்தில் ஒருவனும் வாங்கியதில்லை.

ஆகவே ஏப்ரலில் கோல்பி என்னிடம்தான் வந்தான். கோல்பி என் மருமகன், குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறவன். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவான். இருவரும் என் வீட்டுக்குப் பின்னால்தான் குடியிருந்தார்கள். காலைக் காபி என் சமையலறையில். நெவாடாவில் ஒரு பெரிய பண்ணையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது, வீட்டோடு. மூன்று குதிரைகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஒரே நீளமான ட்ரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்குத் தாங்கும் ட்ரக் அவர்களிடம் இல்லை.

"சார், எனக்கு இன்ஜின் பத்தி ஒண்ணும் தெரியாது. குதிரைன்னா பல்லைப் பாத்து வயசு சொல்லுவேன்," என்றான். "நீங்க எதைச் சொல்றீங்களோ அதை வாங்கிக்கறேன்."

ரேலின் பக்கத்தில் நின்று சிரித்தாள். "அப்பா, நல்லதாப் பாத்துக் குடு. இல்லேன்னா பாதி வழியில நின்னுட்டு உன்னையே கூப்பிடுவேன்."

எனக்குப் பயமாக இருந்தது. அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. ரேலினுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவள் அம்மாவும் நெவாடாவுக்குப் போகிற அதே மலைக் கணவாய் வழியாகத்தான் போனாள். லீவுக்கு வருகிறேன் என்றாள். பிறகு கிறிஸ்துமஸ் கார்டு வந்தது, பிறகு அதுவும் இல்லை. அந்தப் பெண்ணை நான் தனி ஆளாக வளர்த்தேன். அவளும் போன பிறகு அந்தச் சமையலறையில் எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு எத்தனை வருஷம் இருக்கப் போகிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் அப்பா தொண்ணூற்றொன்று வரை இருந்தார்.

முதலில் பார்த்தது ஆர்டிஸ் ஹோல்ம்க்விஸ்ட்டின் வெள்ளை ட்ரக். புருஷனை இழந்தவள், மாடுகளை விற்றுவிட்டு ஊருக்குள் குடிவரப் போகிறாள். வண்டிக்குப் பதினொரு வயது. பெயின்ட் மங்கி, கதவில் மாடு முட்டிய பள்ளம் இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் என்னைவிட இதைத்தான் நல்லாப் பாத்துக்கிட்டார், வெர்ன்," என்றாள் ஆர்டிஸ். "எனக்கு முட்டி வலின்னா டாக்டரை அடுத்த வாரம் பாக்கலாம்பார். இதுக்கு ஆயில் மாத்தற நாள்னா யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வரமாட்டார்."

கையை வைத்தேன், இன்ஜின் பனி மாதிரி இருந்தது. ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது. ஆயில் மூடியைக் கழற்றி அந்தத் துளையின் மேலேயே கவிழ்த்து வைத்தேன். இன்ஜின் தேய்ந்திருந்தால் உள்ளேயிருந்து காற்று தள்ளி மூடி குதிக்கும். அது ஆடக்கூட இல்லை. கீழே படுத்து, ட்ரெய்லர் மாட்டும் இடத்தில் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினேன். துரு விழுந்த இரும்பு மொத்தென்று சத்தம் போடும், இது கணீரென்றது. கடைசியாக வண்டியை ஊர்க் கல்லறை இருக்கும் மேட்டில் ஏற்றி இறக்கினேன். கனமான ட்ரெய்லர் இழுக்கிற டீசல் வண்டிகளில் இன்ஜின் பிரேக் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் இன்ஜினே புகையை அடைத்து, உறுமிக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். சக்கர பிரேக் சூடாகாது. மலை இறக்கத்தில் உயிர் அந்த சுவிட்சில்தான் இருக்கிறது. ஆர்டிஸின் வண்டி அந்த மேட்டில் ஒரு நாய் கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல இழுத்தது.

என் வாழ்நாளில் பார்த்த பழைய ட்ரக்குகளில் அது மூன்றாவதோ நான்காவதோ இருக்கும், அவ்வளவு நல்ல வண்டி. இறங்கி வந்து கியர் ஆயில் குச்சியை உருவி முகர்ந்துவிட்டு மூக்கைச் சொறிந்தேன்.

"கருகின வாசனை அடிக்குது. கியர்பாக்ஸ் போயிடும்," என்றேன்.

கோல்பியும் முகர்ந்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்."

"உன் மூக்கு குதிரைச் சாணத்துக்குப் பழகினது."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. அந்தப் பொய் இன்னும் என்னை உறுத்துகிறது. ஒரு நல்ல வண்டிக்கு நான் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது அது ஒரு தடவைதான். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது, பக்கத்து டவுனில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிற ஒரு பையனின் கறுப்பு ட்ரக். ஐந்து வயதுதான், கண்ணாடி மாதிரி பளபளத்தது. அவனுக்கு முன்னால் வைத்திருந்த யாரோ வேகத்துக்கு ஆசைப்பட்டு டர்போவை மாற்றியிருந்தான். அந்த டர்போவோடு இன்ஜின் பிரேக் வேலை செய்யாது. பானெட்டைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. விற்கிற பையனுக்குத் தெரியாது, பாவம், அவன் அந்த வண்டியில் பீர் பெட்டியைத் தவிர எதையும் ஏற்றியதில்லை. உள்ளே சுவிட்ச் இருந்தது. போட்டால் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. விளக்கு மட்டும்தான்.

அதையே வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் நான்தான் ஓட்டினேன். சுவிட்சைப் போட்டேன். கோல்பி விளக்கைப் பார்த்தான்.

"இது இறக்கத்துல பிடிக்குமா சார்?"

"பிடிக்கும்," என்றேன்.

"கணவாய்ல எப்படி இறங்கணும்?"

"சுவிட்சைப் போட்டுட்டு ஐம்பதுல இறங்கு. பிரேக்கை மிதிச்சு மிதிச்சுச் சூடாக்காதே. வண்டியே பாத்துக்கும்."

நம் ஊர்ச் சமதரையில், வெறும் வண்டியில், யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பதினாலாயிரம் பவுண்டு பின்னால் இருந்து, ஆறு மைல் செங்குத்து இறக்கத்தில் ஐம்பது மைல் வேகத்தில் நுழைந்தால்தான் தெரியும். தெரியும்போது பிரேக்கை மிதிப்பான். இரண்டு மைலில் பிரேக் புகையும். பிறகு மிதித்தாலும் ஒன்றுதான், மிதிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

நான் அவனைப் பயமுறுத்தத்தான் நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது மைலில், பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சரளை கொட்டிய மேடு ஒன்று இருக்கிறது. அதில் ஏற்றி நிறுத்துவான், வெளிறிப்போய் வீட்டுக்கு வருவான், நெவாடா ஆசை விட்டுப்போகும். ஆனால் உங்களிடம் பாதியைச் சொல்லி என்ன பிரயோஜனம். ரிப்பேருக்காக அந்த மேட்டைத் தோண்டிப்போட்டு, முன்னால் கான்கிரீட் கட்டைகளை வைத்து மூடியிருந்தார்கள். காபிக்கடையில் இரண்டு வாரமாக அதுதான் பேச்சு. சர்க்கரை எடுத்துக் கொடுத்தபடி நானும் அதைப் பற்றிப் பேசினேன்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ட்ரக்கை கோல்பி ஓட்டுவது, ரேலின் தன் காரில் நாயோடு பின்னால் வருவது என்று அவர்கள் முடிவு செய்த பிறகுதான் நான் கறுப்பு ட்ரக்கைப் பார்க்கப் போனேன். அதற்கு முன்னால் போகவில்லை. நான் கவனமான ஆள்.

மே பன்னிரண்டு, காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். நான் முட்டையும் பன்றி இறைச்சியும் பொரித்துப் போட்டேன். ரேலின் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "நான் இல்லேன்னா இந்தச் சட்டையை கிரீஸ்லயே ஊறவெச்சுத் துவைப்பே," என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. போகாதே என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். ஏப்ரலிலிருந்து ஒரு தடவைகூட அதை அவளிடம் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. கேட்டு வாங்கிக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பத்தரை மணிக்கு போன் வந்தது. கணவாயின் உச்சியில் வண்டியை நிறுத்திக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறார்கள்.

"அப்பா, இங்க ஒரு கூத்து. பழுப்புக் குதிரை மிரண்டு கோல்பி கையை ட்ரெய்லர் தடுப்போட சேத்து நசுக்கிடுச்சு. ரெண்டு விரல் வீங்கிப்போச்சு. ஸ்டீயரிங் பிடிக்க முடியாதுங்கறான், அவ்வளவு பெரிய ஆம்பளை, கண்ணுல தண்ணி." பின்னால் கோல்பி ஏதோ முனகுவது கேட்டது. "அவன் என் கார்ல வரட்டும், அதுல ஒத்தைக் கை போதும். ட்ரக்கை நான்தான் ஓட்டப் போறேன். இறக்கத்துல எப்படின்னு ஒருதரம் சொல்லு."

நான் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

அங்கேயே இரு, நான் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டு மணி நேரத்தில் போயிருப்பேன். ஆனால் ஏன் என்று கேட்பாள். அவள் என்னிடம் வளர்ந்தவள், பானெட்டைத் திறந்தால் டர்போவைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். கோல்பியிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு அவளிடம் வேறொன்றைச் சொன்னாலும் அதே கதிதான். அப்புறம் அவள் நெவாடாவில் இருந்தாலும் ஒன்றுதான், என் பக்கத்து நாற்காலியில் இருந்தாலும் ஒன்றுதான். அவள் கோல்பியைவிட நன்றாக ஓட்டுவாள், முதல் நூறு கெஜத்திலேயே உணர்ந்துவிடுவாள் என்றும் நினைத்தேன். இவ்வளவையும் நினைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மூச்சு.

"அப்பா? இருக்கியா?"

"இருக்கேன்," என்றேன். "சுவிட்சைப் போட்டுக்கோ. ஐம்பதுல இறங்கு. வண்டியே பாத்துக்கும்."

"சரிப்பா. கீழ போய்க் கூப்பிடறேன்."

நான் திரும்ப அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம். ஏறிக் கதவைச் சாத்தி, பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்ய அவளுக்கு இரண்டு நிமிஷமாவது ஆகியிருக்கும், அந்த விஷயத்தில் அவள் நிதானமானவள். நான் சக்கரத்தை எடுத்து பேரிங்கைத் துடைத்தேன். ஆறு மைலுக்கு ஏழு நிமிஷம். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே துடைத்தேன்.

இனி உங்கள் அறிக்கைக்கு வருவோம். நொறுங்கிய வண்டியைத் திரும்பப் போய்ப் பாருங்கள், சுவிட்ச் போட்டபடிதான் இருக்கும். கியர் கீழே இறக்கப்பட்டிருக்கும். அதை நான் சொல்லவே இல்லை, அவளாகச் செய்தது. சரளை மேடு மூடியிருக்கிறது என்ற பலகையைப் பார்த்தும் அங்கேதான் திருப்பியிருக்கிறாள், ஏனென்றால் அடுத்த வளைவில் எதிரே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. வேறு யாரும் சாகக் கூடாது என்று கான்கிரீட்டைத் தேர்ந்தெடுத்தாள். அதற்குப் பெயர் அனுபவக் குறைவு இல்லை. கோல்பி சாக வேண்டும் என்று அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தவன் நான். அவள் அதில் ஏறுகிறாள் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவன் நான். காரணம் என்ற இடத்தில் அதை எழுதுங்கள். மூன்று குதிரைகளும் செத்துப்போயின, அதை நீங்கள் எழுதவே இல்லை.

கோல்பிக்கு இதெல்லாம் தெரியாது. பின்னால் காரில் வந்தவன், எல்லாவற்றையும் பார்த்தவன். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வாசலுக்கு வந்து நின்றான். கையில் கட்டு, ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம்.

"நான்தான் ஓட்டியிருக்கணும் சார்," என்றான். "ரெண்டு விரல்தானே. பல்லைக் கடிச்சுட்டு ஓட்டியிருக்கலாம். நான் ஓட்டியிருந்தா அவ இருந்திருப்பா. நீங்க அவ்வளவு பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தீங்க. என்னை மன்னிச்சிடுங்க சார்."

படியிலேயே மண்டியிட்டுவிட்டான். அவன் சொன்னதை நான் யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னதில் தப்பில்லை, இரண்டு விரல்தான். அவன் ஓட்டியிருந்தால் என் பெண் இப்போது இந்தச் சமையலறையில் உட்கார்ந்திருப்பாள். பிறகு குனிந்து தோளைப் பிடித்துத் தூக்கி, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.

அது எனக்கு லேசான காரியமாக இருக்கவில்லை.