மூன்றாம் நிமிடம் வரை நிற்க வைத்தவருக்கு

ஐஸ் வாளியின் அதிபதியே! கைக்கடிகாரக் காவலரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் பொறுமையை அதன் எல்லை வரை சோதித்து, இன்று பணி ஓய்வு பெறும் ஆய்வக நுட்புநர் ஐயா வீரையன் அவர்களே! வணக்கம்.

உடம்பை வருத்தினால் நரம்பு மண்டலம் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் எப்படி நடத்துகிறது என்று அளப்பதே நம் தஞ்சை ஆய்வகத்தின் வேலை. அந்த வேலையைத் தங்களோடு செய்தது, அப்பப்பா, லேசுப்பட்ட பாடா! கும்பகோணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் எங்களுக்குக் காபி கூடாது என்றீர்கள். வாசம் பட்டாலே சோதனைக்கு வந்தவருக்குத் துடிப்பு ஏறுமாம். ஒத்திகைக்கு நாங்களே ஐஸ் வாளியில் கைவிட்டுப் பல் தந்தியடிக்கும்போது, "எடுத்துறாதீங்க, இன்னும் பதினேழு செகண்டு இருக்கு" என்றீர்கள். படுத்தவரை எழுப்பி நிறுத்தி, ஒரு நிமிடம் அளந்துவிட்டு இரத்த அழுத்தக் கைப்பட்டையை அவிழ்க்கப் போனால், "மூணாவது நிமிஷத்த யாரு பாக்குறது?" என்று சத்தம் போட்டீர்கள். எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால், நடவில் நிமிரும்போதெல்லாம் மயங்கி விழுந்த சீர்காழிப் பக்கத்துப் பெண்ணுக்கு அழுத்தம் சரிந்தது அந்த மூன்றாம் நிமிடத்தில்தான். மருந்தை மாற்றினார்கள்; மறுபடி வயலுக்குப் போகிறார். வேறு வழியில்லாமல் அதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஊரையே நிற்க வைத்து அளந்த உத்தமரே! தங்களை அளக்க யாரையாவது விட்டீர்களா? திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்தன்று மணையை விட்டு எழுந்ததும் தள்ளாடித் தூணைப் பிடித்தீர்கள். ஓமப் புகை என்றீர்கள். போன வாரம் இங்கே முக்காலியிலிருந்து எழுந்து மேசைமேல் சாய்ந்தீர்கள். புழுக்கம் என்றீர்கள். தங்கள் துணைவியார் அம்சம் அவர்கள் எங்களிடம் வந்து, "எங்கயாச்சும் விழுந்து மண்டையில அடிபட்டா நான் என்னங்க பண்ணுவேன்? நீங்களாச்சும் ஒரு தடவை பாருங்க" என்று அழுதார். பத்து முறை கேட்டோம். பத்து முறையும் "எனக்கென்ன கேடு" என்றீர்கள். என்ன பிடிவாதம் ஐயா இது!

ஆகவே, பொறுமை இழந்த நாங்கள் பொய் சொன்னோம். புதுக் கருவியைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்று, விழாவுக்கு முன் நம் ஆய்வகத்துப் பிரகதீஸ்வரி தங்களைப் பத்து நிமிடம் படுக்க வைத்தார். மாலை போடக் கூப்பிடுகிறார்கள் என்று எழுப்பி, நேரே இங்கே நிறுத்தினோம். பொன்னாடைக்குள் தங்கள் கையில் அந்தப் பட்டை அப்படியே இருக்கிறது. மடல் வாசிக்கையில் பெறுபவர் நிற்பது வழக்கம். இந்த மடல் மூன்று நிமிடம் வரும்படி கடிகாரம் வைத்து எழுதினோம். பின்னால் நம் இர்பான் நிற்பது மாலை போட அல்ல, தாங்கிப் பிடிக்க.

நூறாண்டு நலமாக, எங்கும் விழாமல், எங்கள்மேல் சத்தம் போட்டபடியே தாங்கள் வாழ வேண்டும்!

எடுத்துறாதீங்க ஐயா, இன்னும் பதினேழு செகண்டு இருக்கு.

இங்ஙனம்,
தங்களால் நொந்த, தங்களை விட மனமில்லாத ஆய்வகத்தார்

மூன்றாம் நிமிட அளவு: ……………
(இதை நிரப்பிய பிறகே மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடப்படும்.)