திங்கட்கிழமைப் பாட்டில்

மண் அணை கசிவது தப்பில்லை, ஐயா. கசியாத மண் அணையை இதுவரை யாரும் கட்டவில்லை. பதினேழு வருடம் ஓர் அணைக்குக் காவல் இருந்தவன் சொல்கிறேன், நம்பலாம். கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கலங்கி வந்தால் கரைக்குள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம்.

அதனால் திங்கட்கிழமைதோறும் கரையடியில் கசிகிற தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, தேதி ஒட்டி, இன்ஜினியர் ஆபீசுக்கு அனுப்புவேன். பிடித்த கையோடு மூடி அனுப்ப வேண்டும் என்பது விதி.

எங்கள் அணை சின்னது. நாற்பது ஏக்கர் பாயும், கொஞ்சம் மீன் கிடைக்கும். கரையோரம் மேட்டில் என் அறை. கீழே ஒரே வீடு, என் தம்பியுடையது. அவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். எனக்குக் குடும்பம் இல்லை. சாயங்காலமானால் அங்கே போய்ச் சாப்பிடுவேன். "அண்ணே, நீங்க அணைக்குக் காவலா, எங்க அடுப்புக்குக் காவலா?" என்று கிண்டல் செய்வான். மற்ற நேரத்தில் பேச ஆள் கிடையாது. குரல் இருக்கிறதா என்று சில நாள் இருமிப் பார்த்துக்கொள்வேன்.

"தண்ணி கலங்கிச்சுன்னா அன்னைக்கே கீழ் வீட்டைக் காலி பண்ணிடுங்க. என்னைக் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க" என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். தம்பிக்கு டவுன் ஆசை ஏற்கெனவே உண்டு. ஒருமுறை போனால் திரும்பமாட்டான்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, பிடித்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. கரை உடையும் என்றல்ல. பூட்டிய வீட்டை மேலிருந்து தினமும் பார்க்க வேண்டுமே என்று.

பாட்டிலை ஒரு நாள் முழுக்க ஜன்னலில் அசையாமல் வைத்தேன். மண் அடியில் தங்கியது. மேல் தண்ணீரை வேறு பாட்டிலில் இறுத்து அனுப்பினேன். அதில் பொய் இல்லை. அதே தண்ணீர்தான், கொஞ்சம் பொறுமை சேர்த்தேன். பிறகு வாராவாரம் அப்படியே.

போன மாதம் தம்பி மனைவி கேட்டாள். "வாய்க்கால்ல தண்ணி சேறா வருதே மாமா. பிள்ளைங்களை வச்சுக்கிட்டு இங்க இருக்கலாமா?"

அனுப்புவதற்காகக் கையில் வைத்திருந்த, இறுத்த பாட்டிலைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்குச் சாப்பாடு போட்டாள். நம்பிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கரை நடுவில் இறங்க ஆரம்பித்தது. உடைய அரை மணி நேரம் ஆயிற்று. அறை வாசலில் எச்சரிக்கை மணி இருக்கிறது. அடித்தால் நாலு பேரும் மேட்டுக்கு ஓடிவந்திருப்பார்கள். வந்தால், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு அவர்களோடு எப்படிச் சாப்பிட உட்காருவது? மணியின் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். இழுக்கவில்லை.

நாலு பேரையும் நான்தான் கொன்றேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். சேற்றில் கிடைத்த தம்பி வீட்டுப் பெட்டிகளெல்லாம் கட்டித் தயாராக இருந்தன, வெள்ளிக்கிழமைக்கு வண்டி சொல்லியிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பரண் சுத்தம் செய்திருப்பார்கள், ஐயா. என்னிடம் சொல்லாமல் போகிறவன் இல்லை என் தம்பி.