இரண்டு நாள் வெயிலில் காய்ந்த தொட்டி

மீன் செத்தால் தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டுப் புது மீன் விடுகிறவர்கள்தான் அதிகம், டாக்டர். நான் அப்படிச் செய்கிறவள் இல்லை.

அண்ணனின் வண்ணமீன் கடையில் அந்த ஒரு தொட்டி மீன்கள் மட்டும் இளைத்து, முதுகு வளைந்து, புண் வைத்துச் செத்தன. பார்த்ததுமே தெரிந்தது. படித்திருக்கிறேன்; மீனுக்கு வருகிற காசநோய். கையில் கீறல் இருந்தால் நமக்கும் தொற்றும். அண்ணன் விரலில் கண்ணாடி கிழித்த காயம் இருந்தது.

"கையுறை போட்டுக்கண்ணே" என்றேன்.

"வந்துட்டாங்க டிகிரி. மீனுக்கு வேர்க்குது, விசிறிவிடு போ" என்று சொல்லிவிட்டு வெறுங்கையால் அள்ளினான்.

ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

பிறகு தொட்டியை நானே எடுத்துக்கொண்டேன். கடையை ஒட்டிய வீட்டில் அண்ணன் பிள்ளை தவழ்கிறது, பாருங்கள். முழங்கை வரை கையுறை. மணல், செடி, ஸ்பான்ஜ் எல்லாவற்றையும் பையில் கட்டி எறிந்தேன். இந்தக் கிருமிக்கு பிளீச்சிங் பவுடர் பத்தாது. கழுவிய கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். வலையைக்கூட விடவில்லை.

அண்ணன் விரலில் கட்டி வந்தது அடுத்த மாதம்.

ஆஸ்பத்திரி என்றால் எங்கள் வீட்டில் நான்தான். "படிச்சவ நீ பேசு, நாங்க வாயத் தெறந்தா ஏதாவது ஒளறிடுவோம்" என்பாள் அண்ணி. சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதினேன். அது பொய்யில்லை. உங்களுக்கு முன்பிருந்த பெரிய டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்: மீன், தொட்டித் தண்ணீர் ஏதாவது தொடுகிறாரா?

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். "என்னவாம்?"

"சுகர் இருக்கான்னு கேக்குறாரு."

"இல்லன்னு சொல்லு."

சொன்னேன். இல்லை என்று சொல்லச் சொன்னது அண்ணன்தான்.

இதற்கெல்லாம் முன்பு, வேறொரு ஊர் ஆய்வகத்திலிருந்து எனக்கு வந்த வேலைக் கடிதம் நான்கு மாதம் அவன் மேசை இழுப்பறையில் கிடந்தது. சேர வேண்டிய தேதி போன பிறகுதான் என் கண்ணில் பட்டது. கேட்டதற்குச் சிரித்தான். "நீ போயிட்டா தொட்டி யாரு கழுவுறது?"

கோபத்தில் செய்ததாக எழுதிக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம் யாருக்கும் கோபம் நிற்காது. வாரா வாரம் கூட்டிவந்தேன், வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தேன். இந்த நோய்க்குக் கேட்காத மாத்திரை என்று தெரிந்துதான் கொடுத்தேன். நோய் எலும்புவரை போய், போன வாரம் இரண்டு விரலை எடுத்தார்கள்.

நீங்கள் புதிதாக வந்து அதே கேள்வியை அண்ணனிடம் தமிழில் கேட்டுவிட்டீர்கள். மற்ற விரல்களைக் காப்பாற்ற மருந்து இருக்கிறது என்கிறீர்கள். கொடுங்கள். ஆனால் இதெல்லாம் எப்படி நடந்தது என்று அவனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நான் எடுத்துச் சொல்கிறேன். நான் சொன்னால்தான் அவனுக்குப் புரியும்.