நிமிர்த்திக் கொடுத்த சுவர்

படத்துக்குப் பெயர் வைக்கத் தெரியாதவர்கள்தான் இந்த ஊரில் அதிகம். கல்யாண வீட்டு சி.டி.யைத் திறந்தால் 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் இன்னொரு 'நியூ ஃபோல்டர்'. அதற்குள் தேடினால் மாப்பிள்ளை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். என் கம்ப்யூட்டரை எடுத்துப்போக உங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்தவரும் அந்த இனம்தான். மானிட்டரை மட்டும் போர்வையில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு படியிறங்கினார். படமெல்லாம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று நான்தான் கூப்பிட்டுக் காட்டினேன். மறைக்கிற எண்ணம் இருந்தால் காட்டியிருப்பேனா? அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

நான் கட்டடங்களை மட்டும் படம் எடுப்பவன். தேனியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஸ்டுடியோ. அந்தப் பெட்டியில் அறுபத்தோராயிரம் படங்கள் இருக்கின்றன. ஆண்டு, மாதம், ஊர், கட்டடம், திசை, எண் ஆகிய ஆறும் ஒவ்வொரு படத்தின் பெயரிலும் இருக்கும். போடியில் ஏலக்காய் வியாபாரி வீட்டு மாடிப்படி வேண்டுமா, பத்து விநாடியில் எடுத்துத் தருவேன். என் படங்களில் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். ஒரு ஆள் குறுக்கே நின்றால் பார்ப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டு அவன் சட்டையைப் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் உங்களுக்குப் புரிய வேண்டும். உயரமான சுவரை அண்ணாந்து எடுத்தால் படத்தில் அது சாய்ந்து விழும். அதைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்துவது எங்களுக்குப் பல் விளக்குவது போல தினசரி வேலை. எத்தனை டிகிரி நிமிர்த்தினேன் என்று ஒவ்வொரு படத்தோடும் குறித்து வைப்பேன். அந்தக் குறிப்பு இல்லையென்றால் உங்களுக்கு இந்த வழக்கே கிடையாது.

மார்க்கையன்கோட்டையில் செல்லப்பாண்டி கல்யாண மண்டபம் கட்டினார். நெல் வயலில் மண் கொட்டி நிரப்பி, அதன்மேல் நாற்பதடி உயரத்துக்கு முகப்புச் சுவர். பின்னால் இருக்கிற மண்டபம் அதில் பாதி உயரம்கூட இல்லை. அவர் மருமகன் மஸ்கட்டில் இன்ஜினியர். மாதாமாதம் படம் அனுப்பினால் அவர் அங்கிருந்தே பார்த்துக் குறை சொல்வார் என்று ஏற்பாடு. இரண்டாயிரத்து எட்டு ஆகஸ்டில் தொடங்கினேன். தரையில் மூன்று ஆணி அடித்து, டிரைபாடை மாதாமாதம் அதே ஆணிகள்மேல் வைத்து எடுத்தேன். முன்னால் ஒரு படம், தெற்குப் பக்கவாட்டில் ஒரு படம். முகப்பு முன்னோக்கிச் சாய்கிறதா என்று முன்னால் நின்றால் தெரியாது. தெற்கில் நின்றால் சுவரின் விளிம்பு ஒரே கோடாகத் தெரியும். அங்கே போய் நிற்கிற புத்தி என்னைத் தவிர யாருக்கும் வரவில்லை.

மூன்றாவது மாதம் அந்தக் கோடு கொஞ்சம் நகர்ந்திருந்தது. படத்தை அப்படியே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்லப்பாண்டி அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்ப்பா போட்டோக்காரரே, கழுத்து சுளுக்கிட்டு இருக்கும்போது எடுத்தீகளா? கட்டடம் கோணலா நிக்குது."

சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள்.

"கேமரா நேராத்தான் இருந்துச்சு. ரசமட்டம் வச்சுத்தான் எடுத்தேன்" என்றேன்.

"அப்ப நான் கட்டுனது கோணலாக்கும்?" என்றார் கொத்தனார் பலவேசம். "முப்பது வருசமா தூக்குக்குண்டு புடிச்ச கை இது. பொட்டியத் தூக்கிக்கிட்டு நேத்து வந்துட்டு பேச்சப் பாரு."

"விடுய்யா. இம்மானுவேலு, அடுத்த தடவ நேரா எடுத்துட்டு வாங்க. மஸ்கட்ல மாப்பிள்ளை பாத்துட்டுச் சிரிப்பாக" என்று செல்லப்பாண்டி என்னிடம் சொன்னார்.

கேமரா நேராக இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். கேமரா நேராக இருந்து படம் கோணலாக இருந்தால் கோணல் எங்கே இருக்கும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அதையும் நானே போட்டுக் காட்ட வேண்டுமென்றால் அதற்கு வேறு ஆளைப் பார்க்கட்டும். அவர்கள் கேட்டது நேரான படம். கொடுத்தேன்.

சுவரை நிமிர்த்தினால் அதை ஒட்டித் தெரிந்த மின்கம்பம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அதையும் தனியாக நிமிர்த்தினேன். சுத்தமான வேலை. அக்டோபரில் அரை டிகிரிக்கும் கீழே. ஜனவரியில் முக்கால். மார்ச்சில் ஒன்று.

ஸ்டுடியோவில் படங்களுக்குக் குறிப்பு ஏற்றுகிற வேலை பூமாரிக்கு. மார்க்கையன்கோட்டைப் பெண். அவள்தான் முதலில் கேட்டாள்.

"அண்ணே, மத்த கட்டடத்துக்கெல்லாம் ஒவ்வொரு மாசமும் ஒரே நம்பர் வருது. செல்லப்பாண்டி மண்டபத்துக்கு மட்டும் ஏறிக்கிட்டே போகுதே."

"லென்ஸ் கோளாறு."

"லென்ஸ் அந்த ஊருக்குப் போனா மட்டும் கோளாறாகுமா?"

கெட்டிக்காரிதான். அவள் விடவில்லை.

"சொல்லிருங்கண்ணே. சுருளியாண்டி மாமா வாச்மேனா அங்கனதான் படுத்துக் கெடக்காக."

அடுத்த நாள் அந்த டிகிரிக் குறிப்புகளை அவள் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கி, என் பெட்டியில் மட்டும் வைத்துக்கொண்டேன். தொண்ணூற்றாறிலிருந்து மூட்டையாகக் கிடந்த பழைய பிலிம் சுருள்களைக் கொடுத்து, ஸ்கேன் செய்து வரிசைப்படுத்தச் சொன்னேன். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே செல்லப்பாண்டியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் என் பிரிண்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, "இந்தா பாரு ஆத்தா, ஓங்க மொதலாளி எடுத்ததுதான். இதுல எங்கன சாஞ்சிருக்கு, காட்டு" என்றாராம். அவளால் காட்ட முடியவில்லை. எப்படிக் காட்டுவாள்? திங்கட்கிழமை வந்து ஸ்டுடியோ சாவியை மேசையில் வைத்தாள். பிறகு போய்விட்டாள். பிலிம் வேலை பாதியில் நிற்கிறது.

ஏப்ரலில் மஸ்கட்டிலிருந்து மெயில் வந்தது. நிரப்பிய மண் என்பதால் சந்தேகமாக இருக்கிறது, முகப்பு முன்பக்கம் சாய்கிறதா, தெற்குப் பக்கப் படத்தைப் பெரிதாக அனுப்பவும் என்று எழுதியிருந்தார். அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பெரிதாக அனுப்பினேன். நிமிர்த்தித்தான் அனுப்பினேன். 'மிகவும் திருப்தி' என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு இன்ஜினியருக்கு வெயில் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று பார்க்கத் தெரிய வேண்டாமா? சுவரை நிமிர்த்தினேன், தரையில் கிடந்த அதன் நிழலை நிமிர்த்தவில்லை. உச்சி வெயிலில் நேரான சுவருக்கு முன்னால் நிழல் விழாது; அந்த மதியப் படத்தில் முக்கால் அடி நிழல் முன்னால் துருத்திக்கொண்டு கிடந்தது. பார்க்கத் தெரிந்தவருக்கு அது போதும் என்று வேண்டுமென்றே விட்டுவைத்தேன். சந்தர்ப்பம் கொடுக்கவில்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

ஜூனில் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். சுற்றிலும் வயல் நிறைந்து, மண்டபத்தின் மண் ஊறியது. ஆகஸ்டில் ஒன்றேமுக்கால்.

சுருளியாண்டியைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனுசன். நான் போனதும் டிரைபாடுக்குப் பக்கத்தில் குடையை விரித்துப் பிடிப்பார். "சார், நான் படத்துல விழுறேனா, நகரணுமா?" என்று அவரே கேட்பார். பதின்மூன்று மாதமும் "நகருங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன். தோளில் கிடக்கும் துண்டை உதறிக்கொண்டு நகர்ந்துவிடுவார். சொன்ன சொல்லைப் புரிந்துகொள்கிறவர் அங்கே அவர் ஒருவர்தான்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள், செப்டம்பர் இரண்டு, காலை ஒன்பது மணிக்குப் போனேன். தெற்கே ஆணிகள்மேல் டிரைபாடை வைத்தேன். சுருளியாண்டி முகப்புக்குக் கீழே ஏணி போட்டு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். மேலே பூச்சு உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. தட்டிவிட்டுக்கொண்டார். சுவர் அடியில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு இருந்ததை லென்ஸ் வழியாகப் பார்த்தேன். அவர் வழக்கம்போலத் திரும்பினார்.

"சார், நகரணுமா?"

"வேண்டாம், அங்கனயே நில்லுங்க" என்றேன்.

சுவர் எவ்வளவு உயரம் என்று படத்தில் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். தொழில் தெரிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, கையை நீட்டி வைத்து, படத்துக்கு நிற்பதுபோலவே நின்றார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். இன்னும் ஆகவில்லையா என்று ஒரு தடவை கேட்டார். கொஞ்சம் பொறுங்க என்றேன்.

மூன்று படங்கள் எடுத்தேன்.

உங்கள் ஆள் பெட்டியை மதுரை லேபுக்கு எடுத்துப்போய்ப் பார்த்து, ஒரு ஃபோல்டரைப் பற்றி எழுதியிருக்கிறார். '14_விழுந்தபின்_தெற்கு' என்று பெயர். சுவர் விழுந்து சுருளியாண்டி செத்தது செப்டம்பர் இரண்டு, ஃபோல்டர் உண்டானது ஆகஸ்ட் பன்னிரண்டு, இது எப்படி என்று கேட்கிறார். தேதி சரிதான். அன்று உண்டாக்கியது நான்தான். படத்தை எடுத்துவிட்டு எங்கே போடுவது என்று பிறகு தேடுவது சோம்பேறிகள் வேலை. அது விழும் என்று எனக்குத் தெரியும். அவர் அடியில் நிற்பார் என்றும் தெரியும். நிற்கச் சொன்னதும் நான். எந்த இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி எழுதுங்கள். பொய்யான படங்களைத் தயாரித்தவன் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. பதினான்காம் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அந்த மூன்றிலும் நான் எதையும் நிமிர்த்தவில்லை. உள்ளதை உள்ளபடி எடுத்துக் கொடுப்பவன் நான்.