இருபத்து மூன்றாவது செடி

பழகிய செடி தீர்ந்துபோன பிறகு ஒரு பூச்சி எதைத் தின்னும்? இதற்கு எனக்கு விடை தெரியாது. டாக்டர் கல்யாணராமனுக்கும் தெரியாது. தெரியாது என்று பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் அவர் இறந்தார்.

மேடையில் இருக்கும் இயக்குநர் விஸ்வநாதன் அவர்களுக்கும், லோதி ரோடிலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் உங்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் ஜலஜா மாமிக்கும் வணக்கம். கல்யாணராமனின் பூச்சியியல் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். அதில் பதினான்கு வருடம் வேலையைத் தவிர வேறெதையும் அவரோடு பேசியதில்லை. தன் கணவரைப் பற்றிப் பேச மாமி என்னைக் கூப்பிட்டபோது, எனக்கு அவரைப் பிடிக்காது என்று சொன்னேன். "தெரியும். அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன், ராஜி" என்றார்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். தவறே செய்யாத விஞ்ஞானி என்றார் ஒருவர். கடைசியாக இயக்குநர் ஓர் அறிவிப்புச் செய்தார். ஊரெல்லாம் மண்டியிருக்கும் பார்த்தீனியம், இங்கே காஜர் காஸ் என்கிறார்களே அந்தக் களை, கல்யாணராமனின் மூச்சை அடைத்துக் கொன்றது. அதை அழிக்க மெக்சிகோவிலிருந்து வரவழைத்து அவர் வளர்த்த கூன்வண்டுகளை நாளைக் காலை பதினோரு மணிக்கு யமுனைக் கரையில் திறந்துவிடப்போகிறோம். அதுவே அவருக்கு நம் அஞ்சலி என்றார். நீங்கள் கைதட்டினீர்கள்.

இரங்கல் கூட்டத்தில் கைதட்டல்! நான் தட்டவில்லை. ஏன் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தவறே செய்யாதவரா? செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

1987-ல் இதே களைக்காக இலை தின்னும் வேறொரு வண்டைக் கொண்டுவந்தோம். சூரியகாந்தி இந்தக் களையின் தூரத்து உறவு. அதையும் வண்டு தின்னுமா என்று பார்க்கவேண்டிய வேலை எனக்கு. கண்ணாடி வீட்டில் வளர்ந்த சுத்தமான இலையைக் கொடுத்தேன், வண்டு தொடவில்லை. வயலோரம் களை பூத்தால் அதன் மகரந்தம் சூரியகாந்தி மேல் விழுமே என்று நினைத்து, மகரந்தத்தைத் தூவிக் கொடுத்தேன். தின்றது. இதை நான்கு வரியில் அறிக்கையில் எழுதினேன். அவர் அந்த நான்கு வரியையும் அடித்தார். இரண்டு நாள் பட்டினி போட்ட வண்டு அது என்றார். "பசிச்சா நீயுந்தான் எதையாவது கடிப்பே. அதுக்காக உன்னைப் புல் தின்கிற ஜந்துன்னு எழுதிடலாமா?" என்று கேட்டார். அறையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, இன்றுவரை சிரிக்கவில்லை.

வண்டுகளைத் திறந்துவிட்டோம். மறு வருடம் தர்மபுரிப் பக்கத்திலிருந்து குழந்தைசாமி என்ற விவசாயி ஒரு கவரில் சூரியகாந்தி இலையை வைத்து அனுப்பினார். சல்லடையாக இருந்தது. கடித்திருந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. கல்யாணராமனுக்குத் தெரியாமலா இருக்கும்? வெட்டுக்கிளி கடித்தது என்று பதில் போட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் இந்த மேடையில் யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் அவர் ரயிலேறி குழந்தைசாமியின் வயலுக்குப் போய்விட்டு வந்தார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து அந்த இலையைச் சோதனைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பட்டினிச் சோதனை இல்லாத ஓர் அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட்டதே இல்லை.

நாளை திறந்துவிடப்போகும் கூன்வண்டை இருபத்திரண்டு செடிகளோடு தனித்தனியாகக் கூண்டில் அடைத்துப் பார்த்தார். எதிலும் அது பெருகவில்லை. கூண்டுகளைக் கவனிக்கும் ஜம்பு, "சார், நம்ம பூச்சிங்களுக்கு இன்னிக்கும் ஏகாதசியா?" என்று கேட்பார். "இன்னும் ஒம்பது நாள் ஏகாதசி, ஜம்பு" என்பார் இவர், இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டே.

இருபத்து மூன்றாவது செடி எது தெரியுமா? அவர் படத்தைப் பாருங்கள். அதன் மேல் நீங்கள் போட்டிருக்கிறீர்களே, அந்த மாலை. கேந்தா, நம்மூர்ச் செண்டுமல்லி. மயூர் விஹாருக்குக் கீழே ஆற்றுப்படுகையில் அதைப் பயிரிட்டுப் பிழைக்கிறவர்களை நீங்கள் பஸ்ஸிலிருந்து தினமும் பார்க்கிறீர்கள். நாளை பந்தல் போடும் இடம் அவர்களுடைய பாத்தியிலிருந்து கூப்பிடு தூரம். களை தீர்ந்த மாதத்தில் இந்த வண்டு எங்கே போகும்?

இது தண்டுக்குள் முட்டையிடும். புழு உள்ளேயே குடைந்து தின்னும். வெளியே பார்த்தால் செடி நன்றாகத்தான் இருக்கும். இருபத்தொன்றாம் நாள் தண்டைப் பிளந்தால்தான் தெரியும். பத்து கேந்தாச் செடிகளைக் கூண்டில் வைத்து, பதினோராம் நாள் அவர் இறந்தார். நாளை இருபத்தொன்றாம் நாள்.

இந்தக் களையால் மூச்சு விட முடியாமல் தவித்தவர் அவர். அதை ஒழிக்க அவரைவிட அதிகக் காரணம் யாருக்கு இருந்தது? அவரே இந்த வண்டைத் திறந்துவிடக் கையெழுத்துப் போடவில்லை. மறுத்தவர் இறந்துவிட்டால் மறுப்பும் இறந்துவிடுமா?

இயக்குநர் என்னிடம் மெதுவாகச் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. "மேடம், இது செமினார் இல்லை, முடிச்சுக்குங்க" என்கிறார். முடித்துக்கொள்கிறேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று நான்கு பேரும் சொன்னார்கள். எது அவர் பணி? அவருக்குப் பிடித்த பூச்சியைப் பறக்கவிடுவதா? மிச்சமிருப்பது பத்துத் தண்டும் ஒரு கத்தியும்தான். நாளைக் காலை எட்டு மணிக்கு நான் அவற்றைப் பிளப்பேன். இயக்குநர் வந்து பார்க்கட்டும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் நானே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு யமுனைக் கரைக்கு வருகிறேன். இருந்தால், ஒரு பெட்டியும் அந்த அறையைவிட்டு வெளியே போகாது. எனக்குப் பிடிக்காத ஒரு மனிதருக்கு நான் கொடுக்கக்கூடிய வாக்கு இவ்வளவுதான்.

*

கூட்டத்தை நடத்திய தமிழ்ச் சங்கத்தின் மலருக்காக இந்த உரையைக் கேட்டார்கள். மறுநாள் நடந்ததையும் சேர்த்தே தருகிறேன்.

எட்டு மணிக்கு ஜம்பு அறையைத் திறந்தார். ஜலஜா மாமி எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். முதல் ஆறு தண்டுகளில் ஒன்றும் இல்லை. ஏழாவதில் ஒரு புழு, உயிரோடு. ஒன்பதாவதில் இரண்டு. மற்ற இரண்டும் வெறும் தண்டுகள். அப்படியே எழுதினேன். கீழே மாமி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஜம்பு போன் செய்ய, ஒன்பதே முக்காலுக்கு இயக்குநர் வந்தார். லென்ஸில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கிளம்பிப் போய்விட்டார்.

பெட்டிகள் வெளியே போகவில்லை. பதினொன்றரைக்குப் பந்தலைப் பிரித்துவிட்டதாக ஜம்பு வந்து சொன்னார். அறிவிப்புப் பலகையில், மழை காரணமாக நிகழ்ச்சி ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது.

அன்று தில்லியில் மழை பெய்யவில்லை.