முயல்களிடம் மன்னிப்புக் கேட்டவருக்கு

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் நிஷிமுதா சென்செய் அவர்களே!

இந்தக் காலத்தில் ஒருவரை வழியனுப்பக்கூட யாருக்கும் வாய் வருவதில்லை. அலுவலகத்தில் ஒரு கோப்பு வைத்திருக்கிறார்கள். ஆள் ஓய்வு பெறும்போது அதிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். "குசாபா-சான், நீங்கதான் இங்க பழைய ஆளு. இத அப்படியே வாசிச்சிடுங்க, போதும்" என்று எனக்கும் ஒன்று வந்தது. கடலினும் ஆழ்ந்தவர், மலையினும் உயர்ந்தவர் என்று இருந்தது. மூன்றாம் பத்தியில் போன வருஷம் ஓய்வு பெற்றவரின் பெயர் மாற்றப்படாமல் அப்படியே நின்றது. அதை மடித்து முயல் கூண்டுக்கு அடியில் விரித்துவிட்டேன். நான் நடுநிலைப் பள்ளியோடு நின்றவன். இருபத்தாறு வருஷம் உங்கள் முயல்களுக்குத் தீனி வைத்தவன். இது என் கையால் எழுதியது. பிழை இருந்தால் பிழையோடு கேளுங்கள்.

நுண்ணியதை நோக்கிய நுண்ணறிவாளரே!

செல்லுக்குள் டிஎன்ஏ புரத மணிகளில் சுற்றிக் கிடக்கிறது, மணிகளின் மேல் இருக்கும் சின்னக் குறிகள்தாம் எந்த இடம் விழித்து வேலை செய்யும், எந்த இடம் தூங்கும் என்று சொல்கின்றன என, முயல் கொட்டிலில் நின்றபடி எனக்கு விளக்கியவர் நீங்கள். அந்தக் குறிகளைப் பார்க்க முன்பெல்லாம் கோடிக்கணக்கில் செல்கள் வேண்டும். நீங்கள் ஒரு கத்தரி செய்தீர்கள். வெட்டும் நொதி ஒன்று, அதன் முதுகில் ஒரு கொக்கி. குறியை ஊசியில் போட்டால், அதைத் தேடிப் போய் ஒட்டும் எதிர்ப்பொருளை என் முயலின் இரத்தம் கொடுக்கும். கொக்கி அந்த எதிர்ப்பொருளைப் பற்றும். குறி இருக்கும் இடத்தில் கத்தரி வெட்டி அடையாளச் சீட்டு ஒட்டும். அதற்குப் பிறகு ஒற்றைச் செல் போதும், துளி எதிர்ப்பொருள் போதும் என்று ஆயிற்று. வருஷத்துக்கு அறுபது முயல் போன இடத்தில் இருபது போயிற்று. நாற்பது உயிர் வருஷந்தோறும் உங்களால் பிழைத்தது. இதற்கு நான் தலை வணங்குகிறேன். இதில் மலையும் கடலும் கலக்கவில்லை.

கருவி கண்ட கைவல்லவரே!

கத்தரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எதிர்ப்பொருள் கூட்டிப் போகாவிட்டாலும், டிஎன்ஏ தளர்ந்து கிடக்கும் இடமாகப் பார்த்துத் தானே நுழைந்து வெட்டும். திறந்த வீட்டில் நாய் நுழைந்த கதை. இங்கே அதை முதலில் கண்டவர் எகாஷிரா. புதிதாக வந்தவர்களுக்கு அவரைத் தெரியாது. ஐந்து வருஷமாக அந்தப் பெயரை இந்தக் கட்டிடத்தில் யாரும் சொல்வதில்லை. ஒப்பந்தத்தில் இருந்த ஆய்வு உதவியாளர். ஒரு நாள் கொட்டிலுக்கு வந்து நின்றார்.

"குசாபா-சான், ஊசியே போடாத முயலோட ரத்தம் கொஞ்சம் வேணும்."

"எதுக்கும்மா?"

"எந்தக் குறியையும் தெரியாத ஆளு வேணும். அதுகூடக் கத்தரிய அனுப்பிப் பாக்கணும்."

"ஒண்ணும் தெரியாத ஆளா? என் ரத்தத்தையே எடுத்துக்கோயேன்."

"உங்களுக்கு எல்லாம் தெரியும். முயல் போதும்" என்று சிரித்தார்.

214ஆம் எண் முயலிடம் எடுத்துக் கொடுத்தேன். குறியை அறியாத அந்த இரத்தத்தோடும் கத்தரி ஏறக்குறைய அதே இடங்களில்தான் வெட்டியது. குறி இருக்கிறது என்று நாம் படம் போட்டுக் காட்டிய இடங்களில் பாதி, சும்மா திறந்து கிடந்த இடங்கள். கழுவும் நீரில் உப்பைக் கூட்டினால், ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டிய கத்தரி கழன்று போகும் என்று எகாஷிரா உங்களிடம் சொன்னபோது, அடுத்த இரத்தக் குப்பியோடு நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"உப்புதான் பத்தல, சென்செய்."

"உப்பு பத்தலையா, எகாஷிரா? உனக்குக் கவனம் பத்தல. ஒழுங்காக் கழுவத் தெரியாதவங்க எல்லாம் என் கருவியக் குத்தம் சொல்றாங்க."

அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். நானும்தான். மார்ச் மாதம் எகாஷிராவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. பணிக் குறிப்பில் 'கழுவுதலில் கவனக்குறைவு' என்று ஒரு வரி ஏறியது. இரண்டு வருஷம் கழித்து, கடலுக்கு அப்பால் வேறொரு குழு அதே குறையை எழுதியது. நீங்களும் ஒரு திருத்தம் வெளியிட்டீர்கள்: கழுவும் நீரில் உப்பைக் கூட்டுக. கீழே பதினோரு பெயர்கள். நான் விரல் விட்டு எண்ணினேன். அந்தப் பெயர் இல்லை.

முயல்களின் முன் முடி தாழ்த்தியவரே!

செப்டம்பர் தோறும் கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லுக்கு முன் நாம் கூடுவோம். ஆய்வுக்காக உயிர் கொடுத்த விலங்குகளின் எண்ணிக்கையை நீங்கள் வாசிப்பீர்கள். சாமந்திப் பூ வைத்து, மன்னிப்புக் கேட்டு, நன்றி சொல்வீர்கள். ஒரு வருஷமும் தவறியதில்லை. எகாஷிரா போன வருஷம் "முயல்கள் பத்தொன்பது" என்று வாசித்தீர்கள். குரல் உடைந்தது, அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். பத்தொன்பதில் ஒன்று 214. அந்த முயலிடம் மன்னிப்புக் கேட்க முடிந்த உங்களுக்கு, அதன் இரத்தத்தைக் கேட்டு வந்தவரிடம் கேட்க ஏன் வாய் வரவில்லை? முயல் பதில் சொல்லாது என்பதாலா?

எகாஷிரா இப்போது காரமிட்ட மீன்முட்டைத் தொழிற்சாலையில் கிருமிச் சோதனை செய்கிறார். இன்று வரச் சொல்லி அழைத்தேன். "எனக்கு ஷிஃப்ட் இருக்கு. நீங்க பூவக் குடுத்துட்டு வாங்க" என்றார். ஒரு பெட்டி மீன்முட்டை கொடுத்தனுப்பினார். பூங்கொத்துக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் ஓர் இடத்துக்கு மனுப் போட்டிருக்கிறார். ஒற்றைச் செல் வேலை, உங்கள் கத்தரியை வைத்துத்தான். அவர்களுக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அந்த ஒரு வரிதான் இடிக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசப் போகிறார்கள். 'அவர் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு' என்று நீங்கள் சொன்னால் அவருக்கு வேலை. 'ஞாபகம் இல்லை' என்று சொன்னால் மீன்முட்டை.

என்ன சொல்வீர்கள் என்று இன்று காலை மாடிப்படியில் உங்களை நிறுத்திக் கேட்டேன்.

"பாத்துக்கலாம், குசாபா" என்றீர்கள்.

"என்ன பாக்கப் போறீங்க, சென்செய்?"

"இன்னைக்கு விழா நாளு. எல்லாம் பாத்துக்கலாம்."

என் கொட்டில் கூரை ஒழுகியபோதும் இதையேதான் சொன்னீர்கள். இன்னும் ஒழுகுகிறது.

வாழ்த்தாமல் மடல் முடியாது, வாழ்த்துகிறேன். ஃபுகுவோக்காவின் ஜூன் மழையில் முட்டி வலிக்காமல், பல் ஆடாமல், கண் மங்காமல் நெடுங்காலம் நலமாக இருங்கள்! முக்கியமாகக் காது நன்றாகக் கேட்கட்டும். செவ்வாய்க்கிழமை மணி அடிக்கும்.

இதன் கீழ் கையெழுத்துக் கேட்டேன். ஒன்பது பேரில் நான்கு பேர் போட்டார்கள். ஒருவர் பேனா எழுதவில்லை என்றார். அந்தப் பேனாவை வாங்கித்தான் இந்த வரியை எழுதினேன். எல்லோருக்கும் மேலே ஒரு கோடு வெறுமையாக இருக்கிறது. அங்கே எகாஷிராவின் பெயரை உங்கள் கையால் எழுதிய பிறகு சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். பேனா மேசை மேல் இருக்கிறது.

எழுதுகிறீர்களா என்று நின்று பார்க்க மாட்டேன். எழுதுவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. முயல்களுக்குத் தண்ணீர் வைக்கும் நேரம் ஆகிவிட்டது, நான் வருகிறேன்.

இப்படிக்கு,

____________________

குசாபா, விலங்குக் கொட்டில்
மற்றும் கையெழுத்திட்ட நால்வர்